பயிற்சியா, பதிவேடா?

சென்ற கிழமை தோழர் ஒருவர் நம் அலுவலகத்திற்கு வந்திருந்தார். சென்னைக்கு மேற்கே ஒரு தொழிற்பேட்டையில் பவர் பிரஸ்ஸில் வேலை. ஐம்பது வயதைத் தொட்டவர். செல்பேசியைத் திறந்து ஒரு சான்றிதழைக் காட்டினார். எந்திரப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டதாகவும் நூற்றுக்கு நூறு வாங்கியதாகவும் அதில் கண்டிருந்தது. வாழ்த்துச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"வாழ்த்தை என் மகளுக்குச் சொல்லுங்க தோழர். எட்டாவது படிக்கிறா. ஞாயித்துக்கிழமைக்குள்ளே போன்லே பாடம் பார்த்துப் பரீட்சை எழுதணும்னு கம்பெனி உத்தரவு. ரெண்டாம் ஷிப்டு முடிஞ்சு வீட்டுக்குப் போனா மணி பன்னிரண்டு. பாடம் இங்கிலீஷ்லே ஓடுது. உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். மறுநாள் காலையிலே அவதான் பட்டனை அழுத்திப் பாஸ் பண்ணினா. பாஸ் பண்ணினது அவ; பிரஸ்ஸுக்குள்ளே கையை விடப்போறது நான்!"

வேடிக்கையாகத்தான் சொன்னார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை அந்தப் பிரஸ்ஸில் ஒரு விரல் போனால், விசாரணையில் நிர்வாகம் எடுத்து நீட்டப் போகும் முதல் காகிதம் அந்தச் சான்றிதழ்தானே? "நாங்கள் பயிற்சி கொடுத்தோம், அவர் தேறினார், கவனக்குறைவு அவருடையது" என்று சொல்ல அதைவிட வசதியான சாட்சியம் உண்டா?

இணைய வழிப் பயிற்சி என்ற இந்தச் சரக்கு நேற்று வானத்திலிருந்து விழுந்ததல்ல. அது பிறந்த கதையை நம் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அறிந்தால்தான் எதை ஏற்பது, எதை எதிர்ப்பது என்று ஒப்பந்தப் பேச்சு மேசையில் தடுமாறாமல் பேச முடியும்.

கதை கணிப்பொறியில் தொடங்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆவண்டேல் என்ற சுரங்கம். 1869 செப்டம்பரில் அங்கே தீப்பிடித்தது. உள்ளே போக, வெளியே வர ஒரே வழி. அந்த வழியின் மேலேயே மரத்தால் கட்டிய கட்டடம். அது எரிந்து சரிந்து வாயை அடைத்தது. மாண்டவர் 110 பேர். அந்தப் பேரிழப்புக்குப் பிறகுதான் சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன. 1885-இல் சுரங்க மேற்பார்வையாளர்கள் தேர்வெழுதித் தேற வேண்டும் என்ற நிலையும் வந்தது. ஆனால் பத்து வயதில் சுரங்கத்திற்குள் போனவன் தேர்வை எப்படி எழுதுவான்? அவனுக்குக் கணக்கு யார் சொல்லித்தருவது? காற்றோட்டம், விஷவாயு பற்றி யார் விளக்குவது?

தாமஸ் பாஸ்டர் என்ற பத்திரிகை ஆசிரியர் தம் சுரங்க ஏட்டில் கேள்வி–பதில் பகுதி ஒன்றைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கேட்டார்கள், ஏடு பதில் சொன்னது. (பத்திரிகை நடத்துகிற நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு பெருமிதம் வரத்தான் செய்கிறது.) அந்தப் பகுதிதான் வளர்ந்து, 1891-இல் ஸ்கிராண்டன் நகரில் அஞ்சல் வழிப் பள்ளியாயிற்று. வீட்டிலிருந்தே, வேலையை விடாமலே, தபாலில் பாடம்! ஏழைத் தொழிலாளிக்கு மூடியிருந்த கதவு ஒன்று திறந்தது என்பதை மறுக்க மாட்டோம்.

பிறகு நடந்தது என்ன? பள்ளி கம்பெனியாயிற்று. தவணை முறையில் பாடம் விற்க ஊர் ஊராக ஏஜெண்டுகள் புறப்பட்டார்கள். இலட்சக்கணக்கில் ஆள் சேர்ந்தார்கள்; பாடத்தை முடித்தவர்களோ சொற்பம். முடிக்காதவன் பணமும் கம்பெனிக்கே. எல்லோரும் முடித்துவிட்டால் திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டும், சம்பளம் வேண்டும்; பாதியில் நின்றவனுக்கு எந்தச் செலவும் இல்லை! டொராண்டோ நகரின் யார்க் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள், இணைய வழிக் கல்வி தலையெடுத்த நாளில், 1997 முதல் எழுதிய கட்டுரைகளில் இந்தப் பழைய கணக்கைத்தான் புரட்டிக் காட்டினார். தபால்காரன் செய்ததை இனிக் கம்பி செய்யும், லாபக் கணக்கு மட்டும் மாறாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1960-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்ற மின்பொறியாளர், இல்லியாக் என்ற பெருங்கணிப்பொறியோடு ஒரு திரையை இணைத்து அதன் வழியே பாடம் நடத்திக் காட்டினார். பிளேட்டோ என்று அதற்குப் பெயர். முதலில் ஒரே ஒரு மாணவர்தான் அமர முடியும். 1970-களில் நிலை மாறிவிட்டது. தொலைவிலிருக்கும் நூற்றுக்கணக்கான முனையங்கள் ஒரே பொறியோடு பேசின. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் தட்டைத் திரை, விரலால் தொட்டுப் பதில் சொல்லும் வசதி, பயில்வோர் ஒருவரோடொருவர் எழுதிப் பேசிக்கொள்ளும் பலகை — இன்று நம் சட்டைப் பையில் இருப்பதெல்லாம் அன்றே அங்கே இருந்தது. ஆசிரியர்களே பாடம் எழுதிக்கொள்ளட்டும் என்று டியூட்டர் என்ற எளிய கணிப்பொறி மொழியையும் ஆக்கிக் கொடுத்தார்கள். பணம் யாருடையது? அமெரிக்க முப்படைகளும், பின்னர் அரசின் தேசிய அறிவியல் நிறுவனமும் கொடுத்த பொதுப் பணம். விளைந்த பின் அறுவடைக்கு வந்தது கண்ட்ரோல் டேட்டா என்ற கணிப்பொறிக் கம்பெனி. 1970-களின் நடுவில் வாணிப உரிமையைப் பெற்று விற்கப் புறப்பட்டது. விலை பெரிது, சிறிய பொறிகள் மலிந்த பிறகு அந்த வியாபாரம் சரிந்தது.

இடையில் வட்டத்தகடுகளின் காலம் ஒன்று வந்து போயிற்று. அதை நீட்டவேண்டியதில்லை. பாடத்தில் ஒரு வரி மாறினால் ஆயிரம் தகடுகளையும் தூக்கி எறிந்து புதிதாக அச்சிடவேண்டும் என்பதே அதன் சாவோலை.

வலை வந்தது. ஜெனீவாவில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்வைத்த திட்டம், 1991-இல் வெளியுலகுக்குத் திறக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30 அன்று அந்தக் கூடம், இதற்கு எவரும் எமக்குக் காசு தரவேண்டியதில்லை, இது எல்லோர்க்கும் உரியது என்று எழுத்திலேயே அறிவித்துவிட்டது. படமும் எழுத்தும் ஒன்றாகத் தெரியும் மொசேக் என்ற உலாவி அதே ஆண்டு வந்தது. எங்கிருந்து? பிளேட்டோ பிறந்த அதே இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து! அதுவும் பொதுப் பணத்தில். நிலம் பொதுநிலம், கிணறு பொதுக்கிணறு. வேலி போட வந்தவர்கள் யார் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

1990-களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் மரே கோல்டுபெர்க், தம் மாணவர்களுக்காக வெப்சிடி என்ற கருவியைச் செய்தார். பாடம், தேர்வு, மதிப்பெண், கலந்துரையாடல் எல்லாம் ஒரே இடத்தில். ஆசிரியர்கள் மகிழ்ந்து எடுத்துக்கொண்டார்கள். அதே வேகத்தில் முதலீட்டாளர்களும் வந்தார்கள். கல்வியை இணையத்தில் விற்பதுதான் அடுத்த தங்கச் சுரங்கம் என்று முரசறைந்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் 2000-இல் தொடங்கிய பாதம் என்ற இணையக் கடை 2003-இல் மூடப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 6 கோடி 20 இலட்சம் பவுன் ஒதுக்கித் தொடங்கிய இணையப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர் 900 பேர் அளவே. 2004-இல் அதற்கும் பூட்டு. வரிப்பணம் போனது போனதுதான்!

2006-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. பிளாக்போர்டு என்ற கம்பெனி, வெப்சிடியையும் விழுங்கி முடித்த நேரம். ஒரே பயனர் ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் இன்னொன்றில் மாணவராகவும் நுழையும் வகையில் பாடங்களை வலையில் நடத்தும் முறைக்கே காப்புரிமை வாங்கி, தனக்குப் போட்டியாக இருந்த கனடா நாட்டுச் சிறு கம்பெனி ஒன்றின் மீது வழக்குப் போட்டது. கல்வி உலகம் கொதித்தது. 1960 முதல் யார் யார் எங்கெங்கே இதைச் செய்தார்கள் என்று ஆசிரியர்களும் கணிப்பொறித் தொழிலாளர்களும் நாடு நாடாகத் தங்கள் நினைவிலிருந்தும் பழைய கோப்புகளிலிருந்தும் திரட்டி ஊரறிய வைத்தார்கள். டெக்சாஸ் நீதிமன்ற ஜூரிகள் 2008-இல் கம்பெனிக்கு 31 இலட்சம் டாலர் தீர்ப்பளித்தார்கள். 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூரிகள் ஏற்ற உரிமைகளையும் செல்லாதவை என்று தள்ளியது. பலர் உழைப்பில் விளைந்ததை ஒருவன் தன் பெயரில் பட்டா போட முயன்ற கதை இது. பட்டா ரத்தானது. ஆனால் மூன்று ஆண்டுகள் வழக்குச் செலவை யார் சுமந்தார்கள்?

இது கல்லூரிகளின் சண்டை, நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். தொழிற்சாலைக்கு வந்த வழியும் ஒன்று உண்டு.

விமானம் கட்டுகிற கம்பெனிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பொறியில் பாடம் கொடுத்து வந்தன. விமானம் வாங்குகிறவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பொறி வாங்கித் தொலைக்கவேண்டியிருந்தது. அந்தத் தொல்லையைத் தீர்க்க 1988-இல் விமானத் தொழிலார் ஒரு குழு அமைத்துப் பொதுவிதி வகுத்தார்கள். 1997-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இன்னும் பெரிய அளவில் அந்த வேலையைத் தொடங்கியது. 2000-இல் ஸ்கார்ம் என்ற விதித்தொகுப்பின் முதல் பதிப்பு வந்தது. ஒரு முறை எழுதிய பாடம் எந்தப் பொறியிலும் ஓடட்டும் என்பது நல்ல நோக்கம்தான். குறை சொல்லமாட்டோம்.

ஆனால் அந்த விதிப்படி பாடம் நிர்வாகத்தின் பொறிக்கு என்ன செய்தி அனுப்புகிறது என்று பாருங்கள். 2001-இல் வந்து உலகெங்கும் பரவிய பதிப்பில், பயில்பவரின் நிலைக்கு ஆறே சொற்கள்: தேறினார், தோற்றார், முடித்தார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவேயில்லை. கூடவே மதிப்பெண், எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற கணக்கு. "புரியவில்லை, மறுபடி சொல்" என்று தொழிலாளி சொல்வதற்கு அந்த ஆறில் ஓர் இடமில்லை. "என் எந்திரத்தில் காவல்கதவே கழன்று கிடக்கிறதே, பாடத்தில் சொன்னபடி நான் எப்படி வேலை செய்வது?" என்று கேட்பதற்கும் இடமில்லை. பட்டனை அழுத்தியது ஐம்பது வயதுத் தொழிலாளியா, பதின்மூன்று வயது மகளா என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆவலும் இல்லை. பயிற்சி பதிவேடாக மாறிய இடம் இதுதான்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. வலை பரவத் தொடங்கிய அந்த 1994-ஆம் ஆண்டிலேயே, நவம்பரில், அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்புத் துறை ஒரு விளக்கக் கடிதம் எழுதியது. அபாயக் கழிவுகளைக் கையாளும் தொழிலாளர் பயிற்சி பற்றியது அது. கணிப்பொறிப் பாடம் பயனுள்ளதே. ஆனால் அது மட்டும் போதாது. தகுதி பெற்ற பயிற்சியாளரிடம் தொழிலாளி கேள்வி கேட்க வாய்ப்பு இருக்கவேண்டும், கருவியைக் கையில் எடுத்துப் பழக வாய்ப்பு இருக்கவேண்டும் என்று அது திட்டமாகச் சொல்லிற்று. முதலாளித்துவத்தின் தாயகம் என்று சொல்லப்படும் நாட்டின் அரசுத் துறையே சொன்ன பேச்சு இது!

நேரத்தின் கணக்கையும் பேசவேண்டும். அதே நாட்டில் 1938-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஊதியச் சட்டத்தின் கீழ் உள்ள விதி என்ன சொல்கிறது? பயிற்சி நேரத்தை வேலை நேரமாகக் கொள்ளாமல் விடவேண்டுமானால் நான்கும் பொருந்தவேண்டும்: அது வேலை நேரத்திற்கு வெளியே நடக்கவேண்டும், தொழிலாளி தானாக விரும்பி வந்திருக்கவேண்டும், அவன் செய்யும் வேலையோடு நேர்த் தொடர்பு இல்லாததாக இருக்கவேண்டும், அந்நேரத்தில் வேறு உற்பத்தி வேலை எதையும் அவன் செய்யக்கூடாது. நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அது வேலை நேரமே, கூலி தரவேண்டியதே. நம் தோழரின் நிலையை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடி என்று உத்தரவு, ஆகவே விருப்பமல்ல. பாடம் அவர் நிற்கும் அதே பிரஸ்ஸைப் பற்றியது, ஆகவே வேலையே. அப்படியானால் நள்ளிரவில் அவர் கண் விழித்திருந்த நேரத்திற்குக் கூலி எங்கே?

கணக்கிட முடியாது என்று நிர்வாகம் சொல்லுமானால், அந்தச் சாக்கும் செல்லாது. எத்தனை மணி நேரம் பாடம் ஓடியது என்பதை அந்தப் பொறியே எழுதி வைத்துக்கொள்கிறது! கேட் வாசலில் நம்மை நிறுத்தி நிமிடக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, இந்தக் கணக்கு மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை?

பழைய நாட்களில் மேஸ்திரி கூட நின்று சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா மேஸ்திரிமார்களுக்கென்றே தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தி, 16 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்குச் சான்றிதழ் கொடுத்தது. செய்து காட்டு, அவனைச் செய்யவிடு, கூட நின்று பார், தொழிலாளி கற்கவில்லையென்றால் சொல்லிக்கொடுத்தவன் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள் — இதுதான் அன்றைய பாடம். குற்றம் அன்று கற்பிப்பவன் தலையில். இன்று? கற்றவன் தலையில்!

"உங்களுக்கு எந்திரம் என்றாலே பகை" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை உலகுக்கே இலவசமாகத் திறப்பதாக 2001-இல் அறிவித்தபோது மகிழ்ந்தவர்கள் நாம். அதே ஆண்டு பிப்ரவரியில் கடல் கடந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கச் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பெருமிதம் கொண்டோம். சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் உடன்பிறந்த கழகங்களும் 2003 முதல் நடத்தும் இணையப் பாடங்களை, கோச்சிங்குக்குக் காசில்லாத எத்தனையோ தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் பார்த்துப் படிக்கிறார்கள். கற்க விரும்புகிறவனுக்கு இது பெரிய வரம். மேஸ்திரியிடம் இரண்டாம் தடவை கேட்டால் வசவு விழும். இந்தப் பெட்டி வைவதில்லை. நள்ளிரவு ஷிப்டுக்காரன் தனக்குத் தோதான நேரத்தில் படிக்கலாம். தோது அவனுடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் நம் பேச்சு.

எதிர்த்து நின்று வெல்ல முடியுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி. நாம் மேலே சொன்ன டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில், 1997-இல், ஆசிரியர்கள் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகள் பல, அவற்றுள் ஒன்று, வகுப்பில் இந்தப் பொறிகளை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்ற முடிவு பாடம் நடத்துகிறவரின் தொழிலறிவுக்கு உட்பட்டே நடக்கவேண்டும் என்பது. வென்றார்கள். ஒப்பந்தத்தில் வரியாகவே எழுதி வாங்கினார்கள். வலை பிறந்து ஆறே ஆண்டு ஆகியிருந்த காலம் அது. பட்டம் பெற்ற பேராசிரியர்கள் பொறியை உடைக்கவில்லை. பொறியை யார் ஆள்வது என்று கேட்டார்கள்.

நம் கோரிக்கையையும் அதுபோல வரியாகவே எழுதுவோம். நிர்வாகம் கட்டாயமாக்கும் எந்தப் பயிற்சியும் ஷிப்டு நேரத்திற்குள் நடக்கவேண்டும். வெளியே நடந்தால் ஓவர்டைம். பாடம் தொழிலாளி அறிந்த மொழியில், நம் ஊரில் தமிழில், வடபுலத்திலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கு அவர்கள் மொழியில் இருக்கவேண்டும். பாதுகாப்புப் பயிற்சி எதுவும் திரையோடு முடியக்கூடாது. எந்திரத்தின் பக்கத்தில், தெரிந்தவர் ஒருவர் நின்று, கேள்வி கேட்கவிட்டு, செய்யவிட்டுப் பார்க்கவேண்டும். அப்படி நடக்காதவரை, இணையச் சான்றிதழ் ஒன்றை மட்டும் காட்டி எந்தத் தொழிலாளி மீதும் விபத்துக்கான பழியைச் சுமத்தக்கூடாது. செல்பேசியும் இணையச் செலவும் கம்பெனியுடையவை.

ஆலைக் கிளைகள் ஒவ்வொன்றும் இந்த மாதத்திற்குள் கணக்கெடுக்கவேண்டும்: எந்தெந்தப் பிரிவில் இணையப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது, எந்த மொழியில், ஷிப்டுக்குள்ளா வெளியிலா, எத்தனை மணி, பரீட்சையை உண்மையில் எழுதியது யார். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வரவேண்டுமானால் பெயர் கேட்காதீர்கள். எண்ணிக்கை மட்டும் போதும். கணக்கைச் சங்கச் செயலாளர்கள் வழியே அனுப்பிவையுங்கள். பிரஸ் தோழர் தம் பிரிவின் கணக்கை இப்போதே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்: இருபத்திரண்டு பேர், இருபத்திரண்டு சான்றிதழ். எந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்லிக்கொடுத்தது ஒருவருக்கும் இல்லை.